தன்மையில் வராத பணிக்கூற்று

நமது பாடசாலைகளின் அலுவலகச் சுவரில் இரண்டு பலகைகள் இருக்கும். ஒன்று தூரநோக்கு, மற்றது பணிக்கூற்று. வலயத்திலிருந்து மேற்பார்வைக் குழு வருகிறதென்றால் இரண்டுக்கும் புதுப் பெயின்ற் பூசப்படும். மற்ற நாட்களில் அவற்றை நின்று வாசிப்பவர் எவருமில்லை. ஆனால் ஒரு பாடசாலையின் கல்விக் கொள்கை என்று எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இவைதான். கவிதைக்கும் சிறுகதைக்கும் விமர்சனம் எழுதுகிறோம். நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் இந்த வாசகங்களுக்கும் எழுதினால் என்ன?

நான் பார்த்த பலகைகளில் திரும்பத் திரும்ப வருபவை சில சொற்கள்தான்: நற்பண்பு, ஆளுமை, சவால், நவீன உலகு, சமூகம். தூரநோக்கு அடைமொழிகளை அடுக்கிக்கொண்டு போய் ஒரு பெயர்ச்சொல்லில் நின்றுவிடும். பணிக்கூற்று 'உருவாக்குதல்', 'வழங்குதல்', 'மேம்படுத்தல்' என்று தொழிற்பெயரில் முடியும். தொழிற்பெயர் காலம் காட்டாது; படர்க்கைக்கே உரியது, தன்மையில் வராது. இது இலக்கணம் படித்த பிள்ளைக்கும் தெரிந்த விடயம். அப்படியானால் உருவாக்குவது யார்? எப்போது? வாக்கியத்தில் பதில் இல்லை. இதை வெறும் நடைக்குறை என்று விட முடியாது. பொறுப்பு எவர் தலையிலும் விழாதபடி கட்டப்பட்ட வாக்கியம் இது.

பொறுப்பு விழ வேண்டிய இடம் எதுவென்று தமிழ் கற்பிக்கும் எவருக்கும் தெரியும். தரம் 6இல் ஒரு பிள்ளை இருப்பான். கரும்பலகையில் உள்ளதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவான். 'எழுதினத வாசிங்க மகன்' என்றால் வாய் திறக்கமாட்டான். பக்கத்தில் இருப்பவன்தான் சொல்லுவான், 'சேர், இவனுக்கு வாசிக்க ஏலா.' பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 40 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் அவனுக்கு நான் எதைக் கொடுப்பது?

நாட்டில் கொள்கைக்குப் பஞ்சமில்லை. பிள்ளை மையக் கல்வி 1999இல் தரம் 1இல் நாடெங்கும் வந்தது. 2007 முதல் தரம் 6இலும் 10இலும் தேர்ச்சி மையப் பாடத்திட்டம் தொடங்கியது. ஈடுபடுதல் முதல் மதிப்பிடல் வரை ஐந்து படிகளில் பாடத்தை நடத்தும் முறையும் ஆசிரியர் வழிகாட்டியில் வந்துவிட்டது. எல்லாம் நல்ல விடயங்களே. ஆனாலும் அந்தப் பிள்ளை ஐந்து வருடங்களைக் கடந்து வாசிக்கத் தெரியாமலே வருகிறான். ஏனென்றால் பாடசாலையை நடத்துவது பலகையல்ல. மதிலில் தொங்கும் பெனர். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் படமும் அதில் இருக்கும். உண்மையான பணிக்கூற்று அதுதான். அதில் எழுவாய் உண்டு, எண் உண்டு, முகமும் உண்டு. வாசிக்க ஏலாத பிள்ளைக்கு மட்டும் இடமில்லை.

சுவரில் எழுதுவதே வீண் என்று நான் சொல்லவரவில்லை. இத்தாலியில் புளோரன்ஸ் நகருக்கு வடக்கே, மலைப் பகுதியில் பார்பியானா என்ற சிற்றூர். லொரென்ஸோ மிலானி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1954இல் அங்கு அனுப்பப்பட்டு, ஏழை விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அதன் சுவரில் இருந்தது இரண்டே ஆங்கிலச் சொற்கள்: 'ஐ கெயார்'. எனக்கு அக்கறை உண்டு என்பது பொருள். தன்மை ஒருமை. அக்கறை யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. பின்தங்கிய பிள்ளைக்கு விளங்கும்வரை பாடம் நகராது. மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்பித்தார்கள்.

அங்கு படித்த எட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967இல் வெளிவந்தது. அதை எழுதிய முறை தமிழாசிரியர்களுக்கு ஒரு பாடம். தோன்றியதை எல்லாம் துண்டுத் தாள்களில் எழுதி, மேசையில் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்து, உரக்க வாசித்து, வேண்டாத சொல்லை வெட்டி எறிந்தார்கள். நாம் 'நான் ஒரு மரம் பேசுகிறேன்' என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

பார்பியானாவுக்கும் குறைகள் உண்டு. கீழே பட்டணத்திலிருந்து பெண் பிள்ளை ஒருத்தியும் அங்கு வரவில்லை என்று அந்த மாணவர்களே எழுதியிருக்கிறார்கள். இந்த இடத்தில் நமது சித்தி லெப்பை முன்னே நிற்கிறார். 1892இல் கொழும்பில் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவாகப் பாடுபட்டவர் என்றே அவரைப் பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். அதே காலத்தில் கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை திறந்து, தன் சகோதரியையே அந்தப் பணியில் ஈடுபடுத்தியவர் அவர். பிள்ளைகளுக்கான பாடநூல்களையும் எழுதினார். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையில் மற்றவர்களுக்குச் சொன்னதைத் தன் வீட்டிலிருந்தே தொடங்கினார். அதுவும் தன்மையில் வந்த கொள்கைதான்.

இன்னொன்று. மிலானி 1967இல் மறைந்தபின் அவரது பள்ளி நிலைக்கவில்லை. ஒரு மனிதரோடு மட்டும் இருக்கும் கொள்கை அவரோடு போய்விடும். அதனால் எழுதத்தான் வேண்டும். எப்படி எழுதுவது என்பதே கேள்வி.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கட்டடத்தையும் கூரையையும் பற்றிப் பேசுமுன் மூன்று விடயங்களைப் பெற்றோர் கேட்கட்டும். தரம் 6இல் வாசிக்க ஏலாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பவர் யார்? எந்த நேரத்தில்? இவற்றுக்கு விடை கிடைத்தால் பணிக்கூற்று எழுதுவது கஷ்டமில்லை: 'தரம் 6இல் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் இந்த ஆண்டு முடியுமுன் வாசிக்க வைப்போம்.' தன்மைப் பன்மை, எதிர்காலம், வினைமுற்று. அழகான வாசகம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அது நடக்காவிட்டால் ஒரு பிள்ளையின் வாப்பா வந்து, 'வைப்போம் எண்டு எழுதினது யாரு?' என்று எங்களைக் கேட்கலாம்.