ஒக்டோபரில் வாசிக்க வேண்டியவை

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் நம் நாட்டில் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளிலும் பொது நூலகங்களிலும் கண்காட்சி, பேச்சுப் போட்டி என நிகழ்வுகள் நடக்கும். நாட்டின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் முன்வரிசையில் அடுக்கப்படும். நல்ல காரியம்தான். ஆனால் மன்னார் முஸ்லிமுக்கு இந்த மாதத்தில் வேறொரு நினைவும் உண்டு. 1990 ஒக்டோபரின் இறுதி நாட்களில்தான் எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிக் கிராமங்கள் ஆகியவற்றின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தீவிலிருந்து படகேறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். இந்த இரண்டு ஒக்டோபர்களையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்க முடியுமா என்பதே என் கேள்வி.

இக்கரையைத் தொட்டுச் செல்லும் பழைய நூல்களை முதலில் பார்ப்போம். கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் அரிப்புக் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூல் கண்டியின் வாழ்வை அறிய இன்றும் இன்றியமையாதது. அதில் அரிப்பு, தப்பி வந்த ஒருவர் கண்ட கரை, அவ்வளவே. அக்கரையின் மக்களைத் தேடி அந்நூலுக்குள் போவதில் பயனில்லை.

லெனாட் வுல்ஃப் அப்படியல்ல. 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் கடமையாற்றிய அந்த இளம் அதிகாரி, 1961இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அந்தக் கடற்கரையை உயிரோடு நிறுத்துகிறார். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு என்பது அக்கால ஏற்பாடு. நம்மவர் இத்தகைய நூல்களில் அரபுக் குளியாளர் பற்றிய பக்கங்களையே ஆவலோடு தேடுகிறோம். 1344இல் இத்தீவுக்கு வந்த இப்னு பதூதாவையும் அப்படித்தான் மேற்கோள் காட்டுகிறோம். மூச்சடக்கிக் குளித்தவனுக்கு ஏன் ஒரு பங்குதான் என்று நாம் கேட்பதில்லை. வம்சப் பெருமையை வரலாறு என்று எண்ணும் பழக்கம் நம் எழுத்தில் இன்னும் நீங்கவில்லை.

1990 பற்றிய நூல்களுக்கு வருவோம். எருக்கலம்பிட்டி மண்ணின் மைந்தரான மர்ஹூம் பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் 2001இல் வெளியிட்ட ஆங்கில நூலும், வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும் முக்கியமானவை. இவை நீதி கேட்டு எழுதப்பட்டவை. கொண்டாட்ட மேசைக்குப் பொருந்தாதவை என்று சிலர் கருதக்கூடும். நான் உடன்படவில்லை. வெற்றிகளை மட்டும் அடுக்கினால் அது விளம்பரப் பலகையாகும், வரலாறாகாது. அதேவேளை, அறிக்கைகளால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. விட்டு வந்த கிணற்றின் சுவையையும், பூட்டிய வீட்டின் திறப்பை வைத்திருந்த உம்மாவையும் சொல்ல வேண்டியவர்கள் படைப்பாளிகளாகிய நாம்.

நம் துயரத்தோடு மட்டும் வாசிப்பு நின்றுவிடவும் கூடாது. இதே தீவில் 1544இல், புதிதாகக் கத்தோலிக்கம் தழுவிய நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை கொன்றது. தோட்டவெளி ஆலயம் இன்றும் அவர்களை நினைவுகூருகிறது. எருக்கலம்பிட்டிக்கு அது அயலூர். அந்தக் கதை நம் பேனாக்களில் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது? நம் கதையை அவர்கள் வாசிக்க வேண்டும் என்று கேட்பவர்கள், அவர்களுடையதையும் வாசித்திருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த ஒக்டோபரில் மன்னாரின் நூலகங்களில் நொக்ஸும் வுல்ஃபும் இருக்கட்டும். அவர்களுக்குப் பக்கத்தில் ஹஸ்புல்லாஹ்வும் ஆணைக்குழு அறிக்கையும் இருக்கட்டும். தோட்டவெளிப் பிள்ளை 1990ஐயும், எருக்கலம்பிட்டிப் பிள்ளை 1544ஐயும் எடுத்து வாசிக்கட்டும். பேச்சுப் போட்டியை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.