நான்கு மடங்கு என்ற விடை போதுமா?

மின்னியல் பயிலும் மாணவர்களுக்கு நன்கு பழக்கமான வினா ஒன்று உண்டு: ஒரு கம்பியை இழுத்து அதன் நீளத்தை இரு மடங்காக்கினால் மின்தடை என்னவாகும்? அவசரப்படுவோர் இரு மடங்கு என்பர். கம்பியின் பருமன் மாறாதாகையால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும். ஆகவே தடை நான்கு மடங்காகும். நீளும் கம்பி மெலியவும் செய்கிறது என்று உணர்த்துவதே இவ்வினாவின் சிறப்பு.

ஆயினும் இதில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, கம்பி என்ன ரப்பரா? மென்மையான செப்புக் கம்பியைக்கூட இரு முனைகளிலும் பிடித்து இழுத்தால், இரு மடங்கு நீளுமுன் அறுந்துவிடும். சிறு துளையுள்ள அச்சின் வழியே இழுத்தே அதை அவ்வளவு நீளச் செய்ய முடியும். வினா இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது குறையே பெரிது. பருமனும் மின்தடை எண்ணும் எப்போதும் மாறா என்ற எண்ணத்தை இது மாணவர் மனத்தில் பதித்துவிடுகிறது. கான்ஸ்டன்டன் கம்பியை 0.1 சதவீதம் நீட்டுவோம். தடை ஏறத்தாழ 0.2 சதவீதம் கூடும். பாடநூல் கணக்கும் இதையே தரும். ஆனால் காரணம் வேறு. மீட்சி எல்லைக்குள் பருமன் சிறிது கூடுகிறது. பாய்சான் விகிதத்தை 0.3 எனக் கொண்டால், வடிவ மாற்றத்தால் விளைவது 0.16 சதவீதமே. எஞ்சியது மின்தடை எண்ணின் மாற்றத்தால் வருவது. நிக்கலிலோ, சிறிதளவு நீட்டும்போது தடை குறைகிறது! அங்கே பாடநூல் கணக்கு அடியோடு பொய்க்கிறது.

இது புதிய செய்தியன்று. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், இழுவிசையால் செம்பு, இரும்புக் கம்பிகளின் தடை மாறுவதையும், அம்மாற்றம் இரும்பில் மிகுதி என்பதையும் 1856இல் அறிவித்தார். வடிவ மாற்றம் மட்டுமே காரணமாயின் இரண்டும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டுமன்றோ? 1938இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் ஆகிய இருவரும் தனித்தனியே உருவாக்கிய திரிபு அளவி இவ்விளைவையே பயன்படுத்துகிறது. இன்று கடைகளிலுள்ள மின்னணுத் தராசு எடை காட்டுவதும் இதனால்தான்.

பழைய வினாவை நீக்க வேண்டியதில்லை, அதன் அருகே இன்னொன்றைச் சேர்த்தால் போதும்: "100 ஓம் தடையுள்ள 1 மீட்டர் கான்ஸ்டன்டன் கம்பியை 1 மில்லிமீட்டர் நீட்டினால் தடை 0.2 ஓம் கூடுகிறது. இதில் வடிவ மாற்றத்தின் பங்கு எவ்வளவு? பொருளின் பங்கு எவ்வளவு?" இதற்கு விடை காணும் மாணவர், சூத்திரத்தோடு அதன் எல்லையையும் அறிந்தவராவார்.