ஃபேனை நிறுத்தியது யார்?

2024 ஜூலை 1-ம் தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கொலை வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே போலீஸ் நண்பர்கள் போனை எடுத்து நீட்டுகிறார்கள். இ-சாக்ஷ்யா செயலி. சம்பவ இடத்தை வீடியோ எடுத்து, அதிகாரி தன் செல்ஃபியையும் சேர்த்து ஏற்றிவிட்டால் போதுமாம். இடத்தைக் கலைத்துவிட்டார்கள் என்று இனி எந்த வக்கீலும் வாய் திறக்க முடியாதாம். போதாததற்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 176(3) பிரிவு இருக்கிறது. ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்தாக வேண்டும். இதை அமலாக்க மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் உண்டு. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிபுணரின் வேன் வந்து நின்ற பிறகுதான் இந்தச் சட்டத்துக்குக் கண் திறக்கிறது. அதற்கு முந்தைய அரைமணி நேரத்தைப் பற்றித்தான் என் சண்டை.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்கிறேன். ஒரே வருவாய் மாவட்டத்துக்குள் கோலாருக்கு ஒரு எஸ்.பி., தங்கவயலுக்குத் தனி எஸ்.பி. என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கம் விட்டுப்போன ஏற்பாடு. அதில் ஒரு லாபம் உண்டு. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று ஸ்டேஷன்கள் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் முதல் போலீஸ்காரர் சீக்கிரம் வந்துவிடுவார். வந்தவர் கூட்டத்தை விலக்குகிறார், மேலே தகவல் சொல்கிறார். உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாடப்புத்தகம் அவரை உள்வட்டம், வெளிவட்டம் என்று இரண்டு கயிறு கட்டச் சொல்கிறது. தோட்டம் வைத்த பங்களாவுக்கு அது சரிப்படும். தொழிலாளர் லைனில் ஒரே அறைதான் வீடு. கதவைத் திறந்தால் தெரு, பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். உள்வட்டம் கட்டினால் அடுத்த வீட்டு அடுப்பும் அதற்குள் வந்துவிடும். இதை வைத்துப் போலீஸ்காரரைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

என் புகார் வேறு. சித்திரை மாதத்தில், அப்படி ஒரு லைன் வீட்டில் ஒரு பிணம் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கான்ஸ்டபிள் குனிந்து நாடி பார்க்கிறார். தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. மூலையில் இறந்தவரின் தாய் அழுகிறார். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று கான்ஸ்டபிள் ஃபேனை நிறுத்துகிறார். அடுப்பில் தீய்ந்துகொண்டிருக்கும் பாத்திரத்தைக் கண்டு கேஸை மூடுகிறார். பக்கத்து வீட்டு அம்மா நீட்டிய போர்வையை வாங்கி உடலை மூடுகிறார். நானாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் கொல்லப்பட்ட இளம்பெண்ணின் உடல் மூடப்படாமல் நெடுநேரம் பிளாட்பாரத்தில் கிடந்ததற்காகச் சென்னை உயர் நீதிமன்றமே வருந்தியது. மூடினால் போர்வையின் நூல் உடலில் ஒட்டுகிறது என்று தடயவியல்காரர் திட்டுவார். மூடாவிட்டால் ஊர் திட்டும். எதைச் செய்தாலும் அதற்கு நியாயம் உண்டு.

ஆனால் செய்ததை அவர் எங்கே எழுதினார்? எங்கும் எழுதவில்லை. எத்தனை மணிக்கு யாரை அனுப்பினார்கள் என்பதோடு ஸ்டேஷன் டைரி நின்றுவிடும். ஸ்பாட் மகஜர் இன்ஸ்பெக்டர் வந்த பிறகு எழுதப்படுவது. அதில் ஃபேன் ஓடாது, அடுப்பு எரியாது, உடல் போர்வைக்குள் இருக்கும். வீடியோவும் அதையேதான் காட்டும், துல்லியமாக. காற்றோட்டத்தில் உடல் வேகமாகக் குளிரும். மரண நேரத்தைக் கணிக்கும் டாக்டருக்கு ஃபேன் ஓடியதா என்பது அற்ப விஷயம் அல்ல. தீய்ந்த பாத்திரமும் ஒரு கடிகாரம்தான்.

கான்ஸ்டபிளிடம் வாக்குமூலம் வாங்குவோமே என்பார்கள். வாங்குவார்கள்தான், எத்தனையோ நாள் கழித்து. அதை எழுதுவது விசாரணை அதிகாரியோ அவருடைய ரைட்டரோ. போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக் கூடாது என்பது சட்டம். மிரட்டி வாங்கும் கையெழுத்திலிருந்து குடிமக்களைக் காக்க வந்த அந்த நல்ல விதி, இங்கே போலீஸ்காரரின் கண்ணைக் கட்டிவிடுகிறது. முதலில் பார்த்தவரின் நினைவை இன்னொருவர் எழுதுகிறார். அதில் அவர் கையெழுத்துகூட இல்லை.

தங்கவயலில் இதற்கு மேலும் ஒரு திரை விழுகிறது. தாய் தமிழில் அழுகிறார், பக்கத்து வீட்டார் தமிழில் சொல்கிறார்கள், கான்ஸ்டபிளும் பெரும்பாலும் தமிழிலேயே கேட்கிறார். காகிதம் கன்னடத்தில் எழுதப்படுகிறது. மாநிலத்தின் மொழி அது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் 'சாயங்காலமே சத்தம் அடங்கிப்போச்சு' என்று ஒருவர் சொன்னது எந்தச் சொல்லாக மாறியது என்பதற்குச் சாட்சியே இல்லை. எழுதியதைத் தகவல் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கன்னட எழுத்து தெரியாதவருக்கு அதை வாய்மொழியாகத் தமிழில் சொல்வார்கள். அந்தத் தமிழும் காற்றோடு போய்விடும்.

இதெல்லாம் புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆஸ்திரியாவின் ஹான்ஸ் குரோஸ் எழுதிய குற்றப் புலனாய்வுக் கையேட்டைச் சென்னை அரசு வழக்கறிஞர்கள் இருவர் இந்திய நடைமுறைக்கு ஏற்ப ஆங்கிலமாக்கி, 1906-ல் சென்னையிலேயே அச்சிட்டார்கள். எதையும் எழுதிவைக்காமல் தொடாதே, நகர்த்தாதே என்பது அதன் பாலபாடம். நூற்றுப் பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் நாம் பாதியைத்தான் படித்திருக்கிறோம். 'தொடாதே' என்பதை மனப்பாடம் செய்தோம். 'எழுது' என்பதை இன்ஸ்பெக்டருக்கு ஒதுக்கிவிட்டோம்.

விளைவைத் தெரிந்துகொள்ள 2008 மே மாத நொய்டா இரட்டைக் கொலை வழக்கு போதும். சிறுமியின் உடல் கிடந்த வீட்டில் ஊரும் கேமராக்களும் புகுந்ததைத்தான் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள். வீட்டு வேலைக்காரரின் உடல் மறுநாள் அதே வீட்டின் மொட்டை மாடியில் கிடைத்தது. அதுவரை கொலைகாரர் என்று தேடப்பட்டவர் அவர்தான். மாடிக் கதவின் கறையை முதல் நாளே யார் பார்த்தார், பூட்டின் சாவியைக் கேட்டார்களா இல்லையா என்று பிறகு ஆளுக்கொன்று சொன்னார்கள். அன்று காலையிலேயே ஒரு போலீஸ்காரர் நாலு வரி எழுதி நேரத்தைக் குறித்திருந்தால் அந்தச் சர்ச்சைக்கே இடமில்லை. 2013-ல் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை, 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. கொன்றது யார் என்பது இன்னும் தெரியாது.

ஏன் எழுத வைப்பதில்லை? நேரமில்லை என்பார்கள், ஆள் போதாது என்பார்கள். நான் நம்பவில்லை. கான்ஸ்டபிள் எழுதியது ஒன்று, இன்ஸ்பெக்டர் எழுதியது ஒன்று என்று இரண்டு காகிதம் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவார் என்ற பயம்தான் காரணம். ஒரே குரலில் பேசும் வழக்குதான் வேண்டும், உண்மை இரண்டு குரலில் இருந்தாலும். எல்லா அதிகாரிகளும் இப்படி இல்லை என்று யாராவது சொல்லலாம். இருக்கட்டும், அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தங்கவயலுக்கு இந்தப் பாடத்தை வெளியூரார் நடத்தத் தேவையில்லை. சுரங்கத்தில் உயிர்ச் சேதம் நேர்ந்தால், மீட்புக்கு அவசியமானது தவிர, சுரங்க ஆய்வாளர் வரும்வரை அந்த இடத்தைக் கலைக்கக் கூடாது என்றது 2025 வரை நடைமுறையில் இருந்த 1952-ம் வருடச் சுரங்கச் சட்டம். பாறை வெடிப்பில் ஆள் போன ஊர் இது. அந்த விதியின் அர்த்தம் இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். சுரங்க மேட் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் பக்க எண் போட்ட பைண்டு புத்தகத்தில் தான் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் எழுதும்வரை அவர் காத்திருக்க முடியாது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அந்தப் புத்தகம் ஒன்று சாம்பியன் ரீஃபில் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும். ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய்க் காட்டலாம்.