ராஜகிரியிலிருந்து சின்னமங்கலத்துக்கு

வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பிய நண்பர், ராஜகிரியை அண்ணாந்து பார்த்து, “இது கிழக்கின் ட்ராய்டா! 2025ல யுனெஸ்கோவே சேத்துக்கிட்டான்” என்றார். எல்லாம் சரிதான். ஆனால், நம்ம ஊரைப் புகழ எதுக்கு இன்னொருத்தர் அளவுகோல்?

அப்போது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஞாபகம் வந்தது. சிங்காரமே மெடானில் வேலை பார்த்து 1946இல் ஊர் திரும்பியவர். அவருடைய பாண்டியன் மெடானிலும் பினாங்கிலும் அலைகிறான். மனசுக்குள் மதுரைத் தெருக்களும் சின்னமங்கலம் சந்தையும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கடை, வண்டி, ஆட்களின் பேச்சு, அவ்வளவுதான். தமிழரின் பழம்பெருமைப் பேச்சை நாவல் கிண்டலே செய்கிறது. அதனால்தான் அந்த ஏக்கத்தை நம்ப முடிகிறது. பாண்டியன் ஊரை மெச்சவில்லை, அது இல்லாமல் தவிக்கிறான். கடைசிவரை ஊர் திரும்பவும் இல்லை.

திரும்பி வந்த நமக்குத்தான் கோட்டை ஊரை மறைக்கிறது. மலையிறங்கி டீ குடிக்கும்போது நண்பர், நெல் மூட்டையோடு அப்பா கமிட்டியில் ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்ததைச் சொன்னார். யுனெஸ்கோ பேச்சு அதற்கப்புறம் வரவேயில்லை.