தோல்வியறியாத இருவர், ஒரே ஒரு கோப்பை

கடைசிச் சுற்று வரை ஓர் அணி தோற்காமல் வருவதே அபூர்வம். 2014இல் ஐஸ்லாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் இரண்டு அணிகள் அப்படி வந்து நின்றன. 21 ஆட்டங்கள் முடிந்தபோது எஃப்.எச். 51 புள்ளிகள், ஸ்டியார்னன் 49. மிச்சமிருந்த ஒரே ஆட்டத்தில் இருவரும் நேருக்கு நேர் மோத வேண்டும், அதுவும் எஃப்.எச்.சின் சொந்த மைதானமான காப்லாக்ரிகியில். எஃப்.எச்.சுக்கு டிரா போதும்.

ரெய்க்யவிக்குக்குத் தெற்கே அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் இவர்களுடையவை. பயிற்சியாளர் ஹெய்மிர் குத்யோன்சனின் எஃப்.எச்., 2004 முதல் 2012 வரை ஆறு முறை பட்டம் வென்ற அணி. ஸ்டியார்னன் ஆண்கள் அணியோ அதுவரை லீக் பட்டத்தைத் தொட்டதே இல்லை. 2012, 2013 என அடுத்தடுத்து இரண்டு கோப்பை இறுதிப் போட்டிகளிலும் தோற்றிருந்தது. வெளிநாட்டு ரசிகர்களுக்கு இந்த அணியைத் தெரிந்ததே, கோல் அடித்ததும் வீரர்கள் தூண்டில் போட்டு மீன் பிடிப்பதுபோல் நடித்த 2010ஆம் ஆண்டு வீடியோவால்தான்.

ரூனார் பால் சிக்முண்ட்சன் பயிற்சி கொடுத்த 2014 அணியின் குணம் முற்றிலும் வேறு. அது தோற்க மறுத்த அணி. அந்தக் குணம் எங்கே உருவானது என்று கேட்டால், நான் ஜூலை மாதத்தைத்தான் காட்டுவேன். யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்தின் மதர்வெல்லோடு முதல் ஆட்டம் 2-2. ஸ்டியார்னனின் இரண்டு கோல்களும் ஓலாபுர் கார்ல் ஃபின்சன் அடித்த பெனால்டிகள். இரண்டாவது, ஆட்டம் முடியும் தறுவாயில். மறு ஆட்டத்தில் இரண்டு முறை பின்தங்கியும், கூடுதல் நேரத்தில் 3-2 என வென்றார்கள். அடுத்து போலந்தின் லெக் போஸ்னானிடம் இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட வாங்காமல் முன்னேறினார்கள். இன்டர் மிலான்தான் 3-0, 6-0 என்று நிறுத்தியது. அப்போது மே முதல் அக்டோபருக்குள் 22 ஆட்டங்களை அடைத்த லீக்கில், இத்தனை ஐரோப்பியப் பயணங்கள் கால்களைக் களைக்க வைத்திருக்க வேண்டும். ஆனால் லீக்கில் தோல்வி வரவேயில்லை. கோல்கீப்பர் இங்வார் யோன்சன் அந்த ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வானது மிகச் சரி.

அக்டோபர் 4. முதல் பாதியில் ஃபின்சன் கோல். இடைவேளைக்குப் பின் ஸ்டீவன் லெனன் சமன் செய்தார். அந்தக் கணத்தில் கோப்பை எஃப்.எச்.சின் கையில். நிமிடங்கள் கரைந்தன, காயநேரத்தில் ஸ்டியார்னனுக்குப் பெனால்டி கிடைத்தது. பந்தின் முன் நின்றவர் மீண்டும் ஃபின்சன். 2-1.

கடைசி நேரப் பெனால்டியில் வந்த பட்டம் என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் ஏற்கமாட்டேன். அப்படியொரு பெனால்டியை ஸ்காட்லாந்தில் ஏற்கெனவே அடித்துப் பழகிய கால் அது. டிராவே போதும் என்ற நிலை எஃப்.எச்.சைப் பின்வாங்க வைத்தது என்பதும் என் கணிப்பு. வென்றே தீர வேண்டியவனுக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

இறுதிக் கணக்கு: ஸ்டியார்னன் 15 வெற்றி, 7 டிரா, 52 புள்ளிகள். எஃப்.எச்.சுக்கும் அதே 15 வெற்றிதான். ஒரே தோல்வி, 51 புள்ளிகள். அதே ஆண்டு ஸ்டியார்னனின் பெண்கள் அணியும் லீக் சாம்பியன். எஃப்.எச். துவளாமல் 2015, 2016 பட்டங்களைத் தட்டிச் சென்றது.