இனோவின் முழங்கால்

1980 ஜூலையில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பிரனீஸ் மலையடிவாரத்திலுள்ள போ நகரை எட்டியபோது, முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டை பெர்னார் இனோவிடம் இருந்தது. 1978, 1979 இரண்டு ஆண்டும் வென்றவர். இந்த முறையும் அவருக்குத்தான் என்று பிரான்ஸ் முடிவுகட்டியிருந்தது. மறுநாள் மலை. முதல்நாள் இரவே அவர் விலகிவிட்டார். கீழே விழவில்லை, எலும்பு எதுவும் உடையவில்லை. முழங்காலின் தசைநாண் அழற்சிதான் காரணம்.

அந்த ஆண்டு டூரின் தொடக்க நாட்கள் மழையிலும் குளிரிலும் நனைந்தவை. லியேஜிலிருந்து லில் நகருக்குப் போன கட்டத்தில் வட பிரான்சின் கரடுமுரடான கல்பாவிய சாலைகளில் எல்லோரையும் பின்தள்ளி இனோ வென்றார். முட்டி அதற்குப் பிறகு அடங்கவே இல்லை. வலியோடு சில நாட்கள் ஓட்டிப் பார்த்தார், மஞ்சள் சட்டையையும் பிடித்தார், பிறகு நிறுத்தினார். இரண்டாம் இடத்திலிருந்த யோப் ஸூட்டமெல்க் மறுநாள் அந்தச் சட்டையை அணிய மறுத்துவிட்டார். கடைசியில் பட்டம் அவருக்குப் போனது. இனோ இருந்திருந்தால் என்று இன்றும் பேசுவார்கள். மூன்று வாரம் முட்டி தாங்குவதும் பந்தயத்தில் பாதி என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஸூட்டமெல்க் 16 முறை டூரில் கிளம்பினார், 16 முறையும் பாரிஸ் வரை வந்து சேர்ந்தார்.

ஆனால் என் கவனம் அடுத்து நடந்ததில்தான். விலகி ஏழெட்டு வாரத்தில், ஆகஸ்ட் 31 அன்று, ஆல்ப்ஸ் அடிவாரத்து சலான்ஷில் உலக சாம்பியன் போட்டி. தொமான்சி ஏற்றத்தைச் சுற்றிச் சுற்றி 20 முறை ஏற வேண்டும். நூற்றுக்கும் மேல் கிளம்பியதில் முடித்தவர்கள் 15 பேர். முதலில் வந்தவர் இனோ.

1983 இதற்கு நேர்மாறு. வசந்தத்தில் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் முட்டி மறுபடி தொல்லை கொடுத்தது. இம்முறை நிறுத்தவில்லை, வலியைக் கடித்துக்கொண்டு ஓட்டி வென்றார். அதற்கு விலையாக அந்த ஆண்டு டூர் போனது, அறுவை சிகிச்சை வந்தது. அவர் இல்லாத டூரை அதே அணியின் 22 வயது லோரான் ஃபினியோன் வென்றார். அடுத்த ஆண்டு இனோ திரும்பி வந்தபோது ஃபினியோனுக்குப் பத்து நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி இரண்டாம் இடம்தான். ஒரே மனிதர், ஒரே வகை வலி. நிறுத்திய ஆண்டில் உலகப் பட்டம் கிடைத்தது, நிறுத்தாத ஆண்டில் மீதி சீசனே கைவிட்டுப் போனது. 1980இல் அவர் பயந்து ஓடினார் என்று எழுதிய பத்திரிகைகளும் உண்டு. எனக்கு அது அவருடைய மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்றாகப்படுகிறது.

சைக்கிள் முட்டிக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்களே, பிறகு ஏன் இப்படி? ஓட்டத்தைப் போல உடல் எடை தரையில் மோதுவதில்லை, உண்மைதான். மோதல் இல்லை, ஆனால் எண்ணிக்கை இருக்கிறது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முட்டியும் 5,400 முறை மடங்கி நீளும். ஐந்து மணி நேரம் என்றால் 27,000. இடுப்பு சீட்டில் உட்கார்ந்துவிட்டது, பாதம் பெடலில் மாட்டிக்கொண்டது. நடுவிலிருக்கும் முட்டி இவை இரண்டும் சொன்ன பாதையில்தான் போயாக வேண்டும். சீட்டில் ஒரு சென்டிமீட்டர் தப்பு இருந்தால், 27,000 முறையும் அதே தப்பு.

கியர் அடுத்தது. 200 வாட் சக்தியை 90 சுற்றிலும் தரலாம், பெரிய கியரைப் போட்டு 60 சுற்றிலும் தரலாம். வேகம் அதேதான். ஆனால் 60 சுற்றில் ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்கு விசை வேண்டும். அந்த விசை தொடையின் முன்தசை வழியே சில்லெலும்பைத் தொடை எலும்போடு அழுத்தும். இனோ பெரிய கியரில் மிதிப்பவர். அந்தக் காலத்து வீரர்களுக்கு மலையில் வேறு வழியும் குறைவு: முன்னால் 42 பல், பின்னால் பெரும்பாலும் 20க்குச் சற்று மேல். இன்று தொழில்முறை வீரர்களே பின்னால் 30, 34 பல் வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். சின்ன கியர் போட்டால் கௌரவக் குறைச்சல் என்ற நினைப்பு அங்கே ஒழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிகளிடம் இன்னும் ஒழியவில்லை.

ஏழு தொழில்முறை அணிகளைச் சேர்ந்த 109 வீரர்களிடம் விசாரித்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. முந்தைய 12 மாதத்தில் கீழ்முதுகு வலி வந்தவர்கள் 58 சதவீதம், முட்டியின் முன்பக்கம் வலித்தவர்கள் 36 சதவீதம். முதுகுதான் முன்னே நிற்கிறது. ஆனால் பயிற்சியையோ பந்தயத்தையோ விட வைத்த காயங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 57 சதவீதம் முட்டி, 22 சதவீதம்தான் முதுகு. முதுகு வலியோடு எப்படியோ ஓட்டிவிடுகிறார்கள். முட்டி வலித்தால் இறங்க வேண்டியிருக்கிறது.

சீட் உயரத்துக்கு வருவோம். நம் ஊரில் சிக்னலில் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பது பழக்கம். காய்கறி வாங்கப் போக அது போதும். அதே உயரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்காற்றை முட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டர் போனால் சில்லெலும்பின் பின்புறம் பதில் சொல்லும். கால் மிகக் கீழே இருக்கும்போது முட்டி நேர்கோட்டிலிருந்து 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: வெறுங்காலில் நின்று கவட்டையிலிருந்து தரை வரை அளந்து 0.883ஆல் பெருக்கினால், கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரையான தூரம் கிடைக்கும். 80 செ.மீ. கால் என்றால் 70.6. லெமாண்ட் இதைக் கற்றது சிரில் கிமாரிடம். அந்த கிமார்தான் 1980இலும் 1983இலும் இனோவின் அணி இயக்குநர். ஆக, சூத்திரம் கைவசம் இருந்தும் முட்டி போகலாம். அதை ஆரம்ப அளவாக வைத்துக்கொண்டு சில மில்லிமீட்டர் முன்பின் பார்ப்பதே சரி.

எந்த இடத்தில் வலிக்கிறது என்பதும் தடயம்தான். முன்பக்கம் என்றால் பெரும்பாலும் சீட் தாழ்வு அல்லது கியர் கனம். பின்பக்கம் என்றால் சீட் உயரம் கூடியிருக்கலாம். வெளிப்பக்கம் அல்லது உள்பக்கம் என்றால் ஷூவின் அடியிலுள்ள கிளீட் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிளீட்டைக் கவ்விக்கொள்ளும் லுக் நிறுவனத்தின் கிளிப் பெடலில் இனோ 1985 டூரை வென்ற பிறகு உலகமே அதற்கு மாறியது. தொடக்க கால கிளீட்டில் பாதம் இம்மியும் அசைய முடியாது. பின்னர்தான் சில டிகிரி அசைவு விட்ட கிளீட்டுகள் வந்தன. இப்போது பேச்செல்லாம் பெடலைத் தாங்கும் கிராங்க் கம்பியின் நீளம் பற்றி. இன்றைய முன்னணி வீரர் தடேய் போகாச்சர் 172.5 மி.மீட்டரிலிருந்து 165க்கு இறங்கியிருக்கிறார். கிராங்க் 7.5 மி.மீ. குறைய, அதே அளவு சீட்டை உயர்த்தினால், மிதியின் உச்சியில் இடுப்புக்கும் பெடலுக்கும் இடையே 15 மி.மீ. கூடுதல் இடம். முட்டி அவ்வளவு குறைவாக மடங்கும். குள்ளமானவர்களுக்கும் கடைகளில் 170 கிராங்க் போட்ட சைக்கிளையே விற்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஆனாலும் நான் பார்த்த ஓட்டிகளில் பெரும்பாலோர் சீட்டால் கெட்டதில்லை, காலண்டரால் கெட்டார்கள். 200 கிலோமீட்டர் பிரவே என்ற நெடுந்தூர ஓட்டம் 13.5 மணி நேரத்தில் முடிக்க வேண்டியது. பெயரைக் கொடுத்துவிட்டு, கடைசி மூன்று வாரத்தில் வாராந்தர தூரத்தை இரட்டிப்பாக்குவார்கள். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாண் பழக மாதங்கள் பிடிக்கும். மூச்சு வாங்கவில்லை என்பதால் உடம்பு தயார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டி முடித்த மறுநாள் படி இறங்கும்போது வலித்தால் அந்த வாரம் தூரத்தைக் குறைத்து, சின்ன கியரில் லேசாக மிதிக்கலாம். முட்டி வீங்கினாலோ பாதி மடக்கில் பூட்டிக்கொண்டாலோ இரவில் தூங்கவிடாமல் வலித்தாலோ, ஸ்பேனரை வைத்துவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.