பேறும் இழப்பும்: ஒரு வைத்தியசாலை நாடகம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1994 முதல் 2009 வரை நிகழ்ந்த ‘ஈ.ஆர்.’ என்னும் நாடகத்தைப் போற்றுவார் பலர். இத்தகைய நாடகங்களில் நின்ற நெஞ்சு பெரும்பாலும் மீண்டும் துடித்துவிடும். கலைக்கு வேண்டிய மிகையென்று இதனை விட்டுவிடல் தகாது. ‘ஈ.ஆர்.’ உட்பட மூன்று தொடர்களை 1996இல் ஆராய்ந்தோர், நெஞ்சு நின்றோருள் 75 வீதத்தினர் உடனே பிழைத்ததாகக் கண்டனர். மெய்யான வைத்தியசாலைகளில் அவ்வீதம் மிகக் குறைவு. கட்டிலருகே நிற்கும் உறவினர் திரையை நம்பியன்றோ வைத்தியரை வினவுவர்!

ஆயினும், 1995 மார்ச்சில் வெளிவந்த ஒரு பகுதி இக்குற்றத்துக்கு விலக்காகும். சேக்ஸ்பியரின் நாடகப் பெயரொன்றைச் சிலேடையாகத் தலைப்பிற் கொண்டது அது. நம் மொழியிலும் ‘பேறு’ என்பது மகவீனலையும் குறிக்கும், அடையும் பயனையும் குறிக்கும்.

நிறைமாதப் பெண்ணொருத்தி சிறுநீர் உபாதையுடன் வருகின்றாள். வைத்தியர் கிரீன் தொற்றெனக் கருதி வீட்டுக்கு அனுப்புகின்றார். சிறுநீரிற் புரதம் தொற்றினாலும் தோன்றலாம், சூல்வலிப்பின் முன்னறிகுறியாகவும் தோன்றலாம். வல்லவனும் வழுக்குமிடம் இதுவே. வண்டியிலேயே வலிப்புக் காண்கின்றது. பின்னர்க் குழந்தையின் தோள் சிக்குகின்றது. வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கின்றனர். நச்சுக்கொடி முன்னமே பிரிந்தமையால் குருதி நிற்கவில்லை. மகப்பேற்று நிபுணர் அத்துணை நேரம் வாராதிருத்தல் நாடகாசிரியரின் வசதியேயன்றி வேறன்று. எனினும், சத்திர சிகிச்சை இங்கே வித்தையாகக் காட்டப்படவில்லை. கைகள் தடுமாறுகின்றன, நேரம் கழிகின்றது.

குழந்தை பிழைத்தது. தாயின் நெஞ்சு மீளத் துடிக்கவில்லை. கணவனிடம் அதனைச் சொல்லிவிட்டு, கிரீன் புகைவண்டியில் தனித்திருந்து அழுகின்றார்.